மன்னிப்பு கேட்டால் மட்டும் போதுமா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஊர் ஓரத்தில் ஒரு பழைய கட்டடம். அதில் சில கன்னியாஸ்திரிகள். காலையிலிருந்து ராத்திரி வரை ஜெபம். வெளியே வருவதில்லை, கூட்டம் போடுவதில்லை, யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், அவ்வளவுதான். இதனால் யாருக்கு என்ன கஷ்டம் வந்துவிட முடியும்?

வந்தது. ஒன்பது வருடம் இழுத்தது. கர்தினால்கள், ரபிகள் எல்லோரும் பேசிப் பார்த்து, கடைசியில் போப்பே கடிதம் எழுத வேண்டியதாயிற்று. காரணம், அந்தக் கட்டடம் இருந்த இடம் ஆஷ்விட்ஸ்.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் கேன்டீனில் நடந்த ஒரு வாக்குவாதம். யூதப் படுகொலைக்காகச் சர்ச்சுகள் மன்னிப்பு கேட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பன் ஒருவன் சட்டென்று கேட்டான்: "செஞ்சவன் செத்துட்டான், அனுபவிச்சவனும் செத்துட்டான். நடுவுல இவங்க யாரு மன்னிப்பு கேக்கறதுக்கு?" அன்றைக்கு எனக்கு உருப்படியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு கொஞ்சம் படித்தேன். அவன் கேட்டதில் பாதி சரி என்பது என் முடிவு. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கன்னியாஸ்திரிகள் விஷயம். 1984-ல் கார்மேல் சபையைச் சேர்ந்த சில கன்னியாஸ்திரிகள் ஆஷ்விட்ஸ் முதல் முகாமின் வேலியை ஒட்டிய ஒரு கட்டடத்தில் குடியேறினார்கள். 'பழைய தியேட்டர்' என்று அதற்குப் பெயர். நாஜிகள் காலத்தில் சைக்ளோன்-பி விஷவாயு டப்பாக்களை வைத்திருந்த கிடங்கு அது. ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் இந்த மடத்துக்காக நன்கொடை கேட்டு மேற்கு ஐரோப்பாவில் ஒரு அமைப்பு பிரச்சாரம் செய்தது. அப்போதுதான் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் இருந்த யூதர்களுக்கு விஷயம் தெரிந்து கொதித்துப் போனார்கள்.

ஏன் கொதிக்க வேண்டும்? ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். யூதரல்லாத போலந்துக்காரர்களும் 70,000-க்கு மேல் அங்கே செத்திருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கும் அது மயானம்தான். ஆனால் போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு அங்கே வைத்த நினைவுப் பலகைகளில் '40 லட்சம் மக்கள்' என்று இருந்தது. எண்ணிக்கை தப்பு, அது வேறு விஷயம். யூதர் என்ற வார்த்தையே அதில் கிடையாது என்பதுதான் கொடுமை. (1990-ல்தான் அந்தப் பலகைகளை எடுத்தார்கள்.) தாங்கள் எதற்காகக் கொல்லப்பட்டோம் என்பதையே நாற்பது வருடம் சொல்லாத ஓர் இடத்தில், இப்போது ஒரு பெரிய சிலுவையும் வந்தால் எப்படி இருக்கும்?

சிலுவை என்றால் நமக்கு ஞாபகம் வருவது வேறு, ஐரோப்பிய யூதர்களுக்கு ஞாபகம் வருவது வேறு. 1096-ல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ஜெருசலேமுக்குப் போகும் வழியில், ரைன் நதிக்கரை ஊர்களில் இருந்த யூதர்களைத்தான் முதலில் வெட்டினார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே 'ஏசுவைக் கொன்றவர்கள்' என்ற பட்டத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். நீங்கள் யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர்கள் இந்தச் சின்னத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள். இதைக் கன்னியாஸ்திரிகள் யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை என்பதை நான் நம்புகிறேன்.

1987 பிப்ரவரியில் ஜெனீவாவில் கத்தோலிக்கத் தலைவர்களும் யூதத் தலைவர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு வருடத்தில் மடம் வேறு இடத்துக்கு மாறிவிட வேண்டும். 1989 பிப்ரவரியும் வந்தது, மடம் அசையவில்லை. ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ரபி அவி வைஸ் சிலரோடு வந்து வேலி ஏறிக் குதித்து உள்ளே உட்கார்ந்தார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்மேல் தண்ணீரை ஊற்றி, அடித்து, இழுத்து வெளியே போட்டார்கள். அடுத்த மாதம் போலந்தின் கர்தினால் கிளெம்ப் ஒரு பிரசங்கத்தில், பத்திரிகைகளெல்லாம் யூதர்கள் கையில் இருக்கிறது என்ற மாதிரி பேசினார். நல்லிணக்கத்துக்காக ஆரம்பித்த விஷயம் எங்கே போய் நின்றது பாருங்கள்! 1993-ல் போப் இரண்டாம் ஜான் பால் கன்னியாஸ்திரிகளுக்கு நேரடியாகக் கடிதம் எழுதிய பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள்.

அதோடும் முடியவில்லை. அந்தப் போப் 1979-ல் பிர்க்கெனாவில் பூசை வைத்தபோது நிறுத்திய பெரிய சிலுவையை, 1988-ல் மடத்துக்குப் பக்கத்தில், போலந்துக்காரர்களைச் சுட்டுக் கொன்ற பள்ளத்தில் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். அதையும் எடுத்துவிடுவார்களோ என்று 1998-ல் தேசியவாதக் கும்பல் ஒன்று சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சிலுவைகளை நட ஆரம்பித்தது. இந்தத் தடவை அதில் ஜெபம் எதுவும் இல்லை, முழுக்க வீம்பு. 1999-ல் அரசு சின்னதையெல்லாம் அப்புறப்படுத்தியது. பெரிய சிலுவை அங்கேயே இருக்கிறது.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நினைவுகூர்வது என்றாலே நல்ல காரியம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மெழுகுவர்த்தி, மௌன அஞ்சலி, கண்ணீர். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் யார் நினைவுகூர்கிறார்கள், எதை, யாரைக் கேட்டுக்கொண்டு என்று பார்த்தால் நிலைமை அவ்வளவு எளிதில்லை. ஜெபிக்க வந்தவர்கள் செத்தவர்களின் உறவுகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறந்தவர்களைத் தங்கள் பாஷையில், தங்கள் சின்னத்தின் கீழ் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதே மனநிலைதான் எடித் ஸ்டைன் விஷயத்திலும். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கராகி, கார்மேல் சபையில் சேர்ந்தவர். ஹாலந்தில் இருந்தபோது பிடித்துக்கொண்டுபோய் 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். 1998-ல் சபை அவரைப் புனிதராக்கியது, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்றது. ஹாலந்து ஆயர்கள் நாஜிகளை எதிர்த்துக் கடிதம் வாசித்ததற்குப் பழிவாங்கத்தான் கத்தோலிக்கரான யூதர்களைப் பிடித்தார்கள் என்பது சபையின் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பிடித்தது யாரை? யூத ரத்தம் உள்ளவர்களை. பக்கத்து அறையில் இருந்த ஜெர்மன் கன்னியாஸ்திரியை யாரும் தொடவில்லையே?

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். மன்னிப்பு. (விஜயகாந்த் வசனம் யாருக்காவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

கிறிஸ்தவத்தில் பாவத்துக்கு மன்னிப்பு கடவுளிடமிருந்து வருகிறது. மனம் வருந்தி அறிக்கையிட்டால் கிடைத்துவிடும். யூத மதத்தில் கணக்கு வேறு. அவர்களுக்கு யோம் கிப்பூர் என்று பாவ நிவாரண நாள் உண்டு. கடவுளுக்கு எதிராகச் செய்த பாவத்துக்குத்தான் அந்த நாள் பரிகாரம் தரும், சக மனிதனுக்குச் செய்த தீங்கு என்றால் அந்த மனிதனிடமே போய்ச் சமாதானம் செய்யாதவரை பரிகாரம் இல்லை என்று அவர்களுடைய மிஷ்னா சொல்கிறது. அந்த மனிதனையே கொன்றுவிட்டால்? சமாதானம் செய்ய ஆளில்லை. அவனுக்குப் பதிலாக இன்னொரு யூதன் 'சரி போகட்டும்' என்று சொல்ல முடியாது, அந்த உரிமை அவனுக்குக் கிடையாது.

சைமன் வீசென்தால் 'சூரியகாந்தி' என்ற புத்தகத்தில் எழுதியது இதைத்தான். அவர் முகாம் கைதியாக இருந்தபோது, சாகக் கிடந்த ஓர் எஸ்.எஸ். சிப்பாய் யாராவது ஒரு யூதனைக் கூட்டிவரச் சொல்கிறான். சிறுவயதில் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவியாக நின்ற பையன் அவன். ஒரு வீட்டில் யூதர்களை அடைத்துத் தீவைத்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்கிறான். வீசென்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். தான் செய்தது சரியா என்று பிறகு பல பேரிடம் கேட்டு, அவர்களுடைய பதில்களையும் புத்தகத்தில் சேர்த்தார். பொதுவாகக் கிறிஸ்தவர்களில் பலர் மன்னித்திருக்கலாம் என்ற பக்கம் சாய்கிறார்கள். யூதர்களில் பலர் அதெப்படி முடியும் என்கிறார்கள். இந்த இடைவெளி தெரியாமல் 'நல்லிணக்கம்' என்ற வார்த்தையைப் பேசுவதில் அர்த்தமே இல்லை என்று தோன்றுகிறது. ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு 'மன்னித்தேன் என்று சொல்லுங்கள்' என்று நிற்கிறது. மறுபக்கத்திடம் அதைக் கொடுக்கும் அதிகாரமே இல்லை. கொடுக்காவிட்டால் 'எவ்வளவு கேட்டாலும் இறங்கி வரமாட்டேன் என்கிறார்கள்' என்று பழி வேறு.

ஆக, மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்பது வீண் என்ற அளவில் நண்பன் சொன்னது சரி. அப்புறம் என்ன செய்யலாம்? என் கருத்து, சர்ச்சுகள் செய்ய முடிந்தது இரண்டு: தாங்கள் செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது, இன்னமும் தங்களிடம் இருப்பதை மாற்றுவது. இரண்டையும் செய்ய அவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் அதிர்ச்சி.

1945 அக்டோபரில், போர் முடிந்து ஐந்து மாதத்தில், ஜெர்மன் பிராட்டஸ்டண்ட் சபைத் தலைவர்கள் ஷ்டுட்கார்ட்டில் ஒரு குற்ற ஒப்புதல் வெளியிட்டார்கள். இன்னும் தைரியமாகச் சாட்சி சொல்லவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை, இன்னும் அதிகமாக அன்பு காட்டவில்லை என்றெல்லாம் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம், பல ஜெர்மானியர்கள் திட்டினார்கள். ஆனால் முழுதாகப் படித்துப் பாருங்கள், யூதர் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. 1948-ல் டார்ம்ஷ்டாட்டில் ஒரு அறிக்கை வந்தது, அதில் யூதர்களைப் பற்றியேதான் பேச்சு. ஆனால் மேசியாவைச் சிலுவையில் அறைந்ததால் இஸ்ரேல் தன் தேர்வை இழந்தது என்ற பழைய பல்லவியை அதிலும் பாடினார்கள்! அறுபது லட்சம் பேரைக் கொன்று மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1950-ல் பெர்லின் வைசென்சே சினாட்தான் முதல்முறையாக, பேசாமலும் செய்யாமலும் இருந்ததால் யூதர்களுக்கு நடந்த கொடுமையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நேராகச் சொன்னது.

கத்தோலிக்கப் பக்கம் இந்த வேலையைத் தொடங்கி வைத்ததே ஒரு யூதர். ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர். பிரான்சில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும், சரித்திரப் பாடப்புத்தகம் எழுதியவர். 1940-ல் விஷி அரசு யூதர் என்பதால் வேலையைப் பறித்தது. 1943 அக்டோபரில் கெஸ்டபோ வந்தபோது அவர் வீட்டில் இல்லை, மனைவியும் மகளும் பிடிபட்டார்கள். இருவரும் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. போவதற்கு முன் மனைவி எப்படியோ ஒரு சீட்டு அனுப்பியிருந்தார், உங்கள் வேலையை முடியுங்கள் என்ற பொருளில். அந்த வேலை, 1948-ல் வந்த 'ஏசுவும் இஸ்ரேலும்' என்ற புத்தகம். கிறிஸ்தவ சபைகள் நூற்றாண்டுகளாக யூதர்களை எப்படிச் சொல்லிக்கொடுத்தன, நற்செய்தி நூல்களில் உண்மையில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார்.

1960 ஜூனில், 82 வயதில், அவர் ரோமுக்குப் போய்ப் போப் இருபத்து மூன்றாம் ஜானைப் பார்த்தார். மன்னிப்பு கேளுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் கற்பிப்பதை மாற்றுங்கள் என்று கேட்டார். கிளம்பும்போது, கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டாராம். நம்பிக்கைக்கு மேலேயே உங்களுக்கு உரிமை உண்டு என்றாராம் போப். 1963-ல் ஐசக் இறந்துவிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையை 2,221-க்கு 88 என்ற ஓட்டில் நிறைவேற்றியது. ஏசுவின் மரணத்துக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையுமோ இன்றைய யூதர்களையோ பொறுப்பாக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். கவனியுங்கள், அதில் படுகொலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இருந்தாலும் என் பார்வையில், பின்னால் வந்த பல மன்னிப்புகளைவிட அது பெரிய காரியம். மேற்கொண்டு எந்தக் குழந்தைக்கும் ஞாயிறு வகுப்பில் அந்த விஷத்தைக் கொடுக்காதே என்றுதானே அதற்கு அர்த்தம்?

விஷம் என்பது பெரிய வார்த்தை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பெரிய வெள்ளி வழிபாட்டில் வரிசையாகப் பல மன்றாட்டுகள் உண்டு. யூதர்களுக்கான மன்றாட்டில் மட்டும் லத்தீனில் அவர்களை 'நம்பிக்கையற்ற, துரோகி' என்ற பொருள் தரும் ஓர் அடைமொழியோடு சொல்வார்கள். மற்ற மன்றாட்டுகளுக்கு முழங்கால் போடுவார்கள், இதற்குப் போடமாட்டார்கள். 1955-ல் முழங்கால் வந்தது, 1959-ல் அந்த அடைமொழி போனது. ரோமன் பூசை உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால், லத்தீன் பூசைக் காலத்தில் நம்மூர்க் கோயில்களிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். தங்கள் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூடப் பார்த்திராத மக்கள்!

மதமாற்றம் இன்னொரு முள். நினைவஞ்சலி செலுத்திவிட்டு, கூடவே 'நீங்களும் ஏசுவை ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்' என்றால் யூதர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? மேலே சொன்ன சங்க அறிக்கையின் ஒரு வரைவில் யூதர்கள் ஒருநாள் சபையில் சேர்வார்கள் என்ற நம்பிக்கை எழுதப்பட்டிருந்தது. 1964-ல் அதைப் பார்த்த ரபி ஆபிரகாம் ஹெஷல், மதம் மாறுவதா சாவதா என்று கேட்டால் எந்த நேரமும் ஆஷ்விட்ஸுக்குப் போகத் தயார் என்று பதில் கொடுத்தார். குடும்பத்தில் பலரை அந்தப் படுகொலையில் இழந்தவர் சொன்னது அது. வாசகத்தை மாற்றினார்கள். யூதர்களை மதம் மாற்ற நிறுவனரீதியான வேலை எதையும் நாங்கள் நடத்துவதில்லை, ஆதரிப்பதில்லை என்று வத்திக்கான் ஆவணம் தெளிவாகச் சொன்னது 2015-ல். ஜெர்மன் பிராட்டஸ்டண்ட் சபைகளின் சினாட் சொன்னது 2016-ல். சில சுவிசேஷ சபைகள் இன்றும் இதை ஏற்பதில்லை. அவர்கள் இஸ்ரேலை நேசிப்பது நிஜம், ஆனால் அந்த நேசத்தின் கடைசிப் பக்கத்தில் யூதர்கள் யூதர்களாக இருப்பதில்லை.

போப்களின் பயணங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2000 மார்ச்சில் இரண்டாம் ஜான் பால் ஜெருசலேமின் மேற்குச் சுவரில் ஒரு சீட்டைச் செருகிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் மன்னிப்பு கேட்டது கடவுளிடம். யூதர்களிடம் கேட்டது, இனிமேல் சகோதரர்களாக இருப்போம் என்பது. படுகொலையைப் பெயர் சொல்லவில்லை, சபையைப் பெயர் சொல்லவில்லை என்று அப்போது குறை சொன்னார்கள். அந்தக் குறை 1998-ல் வந்த 'நாங்கள் நினைவுகூர்கிறோம்' ஆவணத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். பதினோரு வருடம் காக்க வைத்து வெளியிட்டார்கள். தப்பு செய்தது சபையின் பிள்ளைகள், சபை அல்ல என்ற நுணுக்கமான வக்கீல் வேலை அதில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் பிரெஞ்சு ஆயர்கள் செய்தது எவ்வளவோ மேல். யூதர்களை அடைத்து ரயிலேற்றிய டிரான்சி முகாம் இருந்த இடத்திலேயே நின்று, அன்றைக்குச் சபை மௌனமாக இருந்தது குற்றம் என்றார்கள். கடவுளிடம் மன்னிப்பு கேட்டார்கள். யூதர்களிடம், நாங்கள் வருந்துவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். அந்த வித்தியாசம் தெரிந்து எழுதிய வாசகம் அது. 2016-ல் போப் பிரான்சிஸ் ஆஷ்விட்ஸ் வாசலில் தனியாக நடந்து போய், ஒரு பேச்சும் பேசாமல் திரும்பினார். அதுவும் எனக்குப் பிடித்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த ஆள் யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு ஜட்ஜ். லோதர் க்ரைசிக். ஜெர்மனியில் பிராண்டன்பர்க்கில் நீதிபதி. 1940-ல் தன் பாதுகாப்பில் இருந்த மனநோயாளிகள் வரிசையாகச் 'செத்துப்போவதை'க் கவனித்து, இது கொலை என்று நீதி அமைச்சருக்கு எழுதினார். புகாரும் கொடுத்தார். வேலை போனது. ஆச்சரியமாக உயிர் தப்பியது. அந்த மனுஷன் 1958 ஏப்ரலில் பெர்லினில் சபை சினாடில் எழுந்து ஒரு வேண்டுகோளை வாசித்தார். எங்களிடமிருந்து கொடுமை அனுபவித்த மக்களே, உங்கள் நாட்டில் எங்கள் கையால் ஏதாவது நல்லது செய்ய எங்களை அனுமதியுங்கள், போலந்து, ரஷ்யா, இஸ்ரேல் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறோம் என்று. 'அனுமதியுங்கள்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவரை இங்கே கொண்டுவந்தேன். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வது அது.

மறுக்கவும் செய்தார்கள். 1959-ல் முதல் இளைஞர்கள் போக முடிந்தது நார்வேக்கும் ஹாலந்துக்கும்தான். இஸ்ரேல் 1961-ல்தான் கதவைத் திறந்தது. அங்கே கிப்புட்ஸ் வயல்களில் வேலை செய்தார்கள். பிரான்சில் லியோன் பக்கத்தில் வில்லூர்பான் என்ற ஊரில் ஒரு யூத ஜெப ஆலயத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அப்பா காலத்தில் எரித்தவை எத்தனையோ, பிள்ளைகள் வந்து ஒன்றைச் செங்கல் அடுக்கிக் கட்டினார்கள். இன்றைக்கும் வருடந்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள், ஒரு வருடம் போய்த் தங்கி வேலை செய்கிறார்கள். வயதான பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கடைக்குப் போய் வருவது, கூட உட்கார்ந்து பேசுவது மாதிரி சின்ன வேலைகள்தான். அமைப்பின் ஜெர்மன் பெயரில் நல்லிணக்கம் என்ற சொல் இல்லை. பரிகாரத்தின் அடையாளம் என்றுதான் பெயர்.

நண்பனுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. செய்தவன் செத்திருக்கலாம். அவன் சொல்லிக்கொடுத்தது சாகவில்லை, அதை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பொறுப்பு. 2007-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஊரில் ஒரு சபை ஆரம்பித்த 'வாழ்வின் நடைப்பயணம்' நிகழ்ச்சிகளில், பேரப்பிள்ளைகள் எழுந்து எங்கள் தாத்தா எங்கே, என்ன பதவியில் இருந்தார் என்று பொதுவில் சொல்கிறார்கள். அந்தச் சபையின் இறையியலோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் தாத்தா ஆல்பத்தை மூடி வைக்கிறார்கள், இவர்கள் திறக்கிறார்கள்.

'அப்படியானால் பாலஸ்தீனம்?' என்று கேட்கத் தயாராக இருப்பீர்கள். நியாயமான கேள்வி. யூதர்களுக்குச் செய்ததற்குப் பரிகாரமாக இஸ்ரேல் அரசு எது செய்தாலும் ஆமென் போட வேண்டும் என்று நினைக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அமெரிக்காவில் நிறைய. தன் கடனை அடுத்தவன் நிலத்தை எழுதிக்கொடுத்து அடைப்பது மாதிரி எனக்குப் படுகிறது. 2023 அக்டோபரில் ஹமாஸ் செய்த கொலைகளும், அதன்பின் காஸாவில் நடந்த அழிவும் கண்முன் இருக்கும்போது இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அதே சமயம், காஸாவைக் காரணம் காட்டி ஆஷ்விட்ஸைச் சின்னதாக்குகிறவர்களையும் நான் பார்க்கிறேன். ஐரோப்பியச் சபைகளின் கடன் ஐரோப்பாவில் செய்ததற்கானது. அது அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. லூத்தர் பிரசங்கம் செய்த விட்டன்பர்க் ஊர்ச் சர்ச்சின் வெளிச்சுவரில், மேலே, 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பன்றி, அதன் மடியில் பால் குடிக்கும் யூதர்கள், வாலைத் தூக்கிப் பின்னால் பார்க்கும் ஒரு ரபி. 1543-ல் லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதியதிலிருந்து எடுத்த வார்த்தைகளைப் பின்னால் அதன்மேல் பொறித்தார்கள். 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிந்தபோது, லூத்தர் பிறந்தநாளில் எரிகிறது பாருங்கள் என்று பூரித்துப் புத்தகம் போட்ட லூத்தரன் பிஷப்பும் இருந்தார். 1988-ல் அந்தச் சர்ச் சிற்பத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு வெண்கலப் பலகை பதித்தது. மூடி வைத்தாலும் இடுக்கு வழியாக ஏதோ பிதுங்கி வருவது போன்ற வடிவம். அறுபது லட்சம் யூதர்கள் சிலுவையின் கீழ் செத்ததைச் சொல்கிறது. நல்ல பலகை.

ஒரு யூதர் வழக்குப் போட்டார், பன்றியை இறக்குங்கள், அது இன்றைக்கும் என்னை அவமானப்படுத்துகிறது என்று. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பலகையும் விளக்கமும் வைத்ததால் அது இப்போது நினைவுச் சின்னமாகிவிட்டது என்றது. சபை தானே அமைத்த நிபுணர் குழு இறக்கச் சொன்னது. அக்டோபரில் சபைக் குழு, இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. மறைத்தால் மறந்துவிடுவோம், வரலாற்றை எல்லோரும் பார்க்கட்டும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். யூதர்களிடையேயும் இதில் ஒரே கருத்து கிடையாது.

முதலில் படித்தபோது எனக்கும் சபைக் குழு சொன்னதுதான் சரியென்று பட்டது. ஆஷ்விட்ஸ் மடத்துக் கதையைப் படித்த பிறகு மனம் மாறிவிட்டது. அங்கேயும் நாங்கள் நினைவுகூரத்தானே செய்கிறோம் என்றுதான் சொன்னார்கள், எதிரே நின்றவர் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், சிற்பத்தை இறக்கி உள்ளே ஓர் அறையில் விளக்கத்தோடு வைக்கலாம். பலகை தரையில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, மேலே சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கு அந்தச் சபைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் தங்கள் வாயால் பதில் சொல்லட்டும்.